சுவரில் 34,844 பெயர்கள்

கடமையில் உயிர்விட்ட போலீஸாருக்குத் தில்லியில் கல் எழும்பிவிட்டது, பதக்கங்களும் தரப்பட்டன. ஆனால் குடும்பங்கள் கேட்ட ஒரு சொல் மட்டும் அரசாங்கத்தின் அகராதியில் இல்லை.

2023 ஜனவரி 4. மேற்குத் தில்லியின் மாயாபுரி பகுதியில் ஒரு பெண்ணின் புகார். கணவரின் செல்போனை ஒருவன் மிரட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டான். புகாரை விசாரிக்கக் கிளம்பியவர் அசிஸ்டென்ட் சப்-இன்ஸ்பெக்டர் சம்பு தயாள். வயது 57. ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். ஆளைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்து வரும் வழியில் அவன் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்தான். கழுத்து, மார்பு, வயிறு, முதுகு என்று குத்து விழுந்தது. ஆனால் சம்பு தயாள் பிடித்த பிடியை விடவில்லை. மற்ற போலீஸார் வந்து சேரும்வரை அவனை நகரவிடவில்லை. நான்கு நாள் கழித்து, ஜனவரி 8ஆம் தேதி, மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

ஒரு செல்போனுக்காக ஓர் உயிரா என்று கேட்கலாம்தான். ஆனால் போலீஸ்காரரின் வேலையில் பறிபோன பொருளின் விலையைப் பார்த்து ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க அவகாசம் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு ஓராண்டுக்கும் சற்று முன்பு இதே மாதிரி ஒன்று நடந்தது. 2021 நவம்பர் 21ஆம் தேதி அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு போலீஸ் நிலையத்தின் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டினார். புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் கீரனூர் அருகே அவர்களை மடக்கியும் விட்டார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு பழைய கல்லை நினைவுபடுத்தும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி நடுகல், கால்நடை கவர்ந்த பூசலில் இறந்துபோன ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்திருக்கும் பல்லவர் காலத்து நடுகற்களில் பலவும் அதே கதையைச் சொல்கின்றன: மாடு போயிற்று, மீட்கப் போனான், பட்டான். அந்தக் கற்களில் இறந்தவன் பெயரும் இருக்கும், அவன் எப்படி இறந்தான் என்பதும் இருக்கும்.

தில்லியில் இன்று இருக்கும் நடுகல்லில் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

சாணக்யபுரியில், வெளிநாட்டுத் தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாந்தி பாதையின் முனையில், சுமார் ஆறு ஏக்கர் நிலத்தில் அமைந்திருக்கிறது தேசிய போலீஸ் நினைவுச் சின்னம். நடுவில் 30 அடி உயரத்தில் ஒற்றைக் கருங்கல். எடை 238 டன். வடித்தவர், தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தலைமை இயக்குநராக இருந்த ஒடிசாச் சிற்பி அத்வைத கடநாயக். மனித உருவம் இல்லை. துப்பாக்கி, தொப்பி எதுவும் இல்லை. கனமான ஒரு கல், அவ்வளவுதான். அதையொட்டி 'வீரச் சுவர்'. அதில் சுதந்திரத்துக்குப் பிறகு கடமையில் இறந்த போலீஸாரின் பெயர்கள். 2018 அக்டோபர் 21ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த அன்று அந்தச் சுவரில் இருந்த பெயர்கள் 34,844. நிலத்துக்கு அடியில் போலீஸ் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம்.

கல் நாட்டுவதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறது தொல்காப்பியம். கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இந்தக் கல் நின்ற கதையில் தொல்காப்பியர் சொல்லாத ஒரு படியும் உண்டு: இடிப்பது. வாஜ்பாய் ஆட்சியில் உள்துறைப் பொறுப்பில் இருந்த எல்.கே. அத்வானி இதே திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 150 அடி உயரத்தில் ஓர் எஃகுக் கோபுரம் எழும்பவும் செய்தது. சுற்றுச்சூழல் விதிகளை மீறியது என்று விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதன் உத்தரவுப்படி 2008இல் கோபுரம் பிரித்துப் போடப்பட்டது. சட்டத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு எடுத்த நினைவுச் சின்னம் சட்டத்தை மீறியதாக இடிக்கப்பட்ட வேடிக்கையைப் பற்றிப் பேசத் துறையில் யாருக்கும் விருப்பம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு பத்தாண்டு. 2018 திறப்பு விழாவில் அத்வானியும் அமர்ந்திருந்தார்.

சரி, அக்டோபர் 21 ஏன்? இந்தத் தேதியை நாட்டிலுள்ள ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் தெரியும். போலீஸ் அல்லாதவர்களில் தெரிந்தவர்கள் குறைவு.

1959இல் திபெத்தை ஒட்டிய நெடிய எல்லையைக் காத்து நின்றது ராணுவம் அல்ல, போலீஸ். லடாக்கின் வடகிழக்கே, சுமார் 16,000 அடி உயரத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றோர் இடம். பெயரில் மட்டும்தான் வெந்நீர். அக்டோபர் 20ஆம் தேதி காலை அங்கிருந்து மூன்று சிறு குழுக்கள் நிலவரம் பார்க்கப் புறப்பட்டன. இரண்டு குழுக்கள் பிற்பகலில் திரும்பின. இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு சுமைகூலியும் கொண்ட மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் அவர்களைத் தேடி ஏறக்குறைய 20 பேரை அழைத்துக்கொண்டு கிளம்பினார் உளவுத் துறை அதிகாரி கரம் சிங். மட்டக் குதிரைகளில் சிலர், பின்னால் நடந்து சிலர். நண்பகல் வாக்கில் குன்றின் மேலிருந்து சீனத் துருப்புகள் சுட்டன, கையெறி குண்டுகளை வீசின. மறைவிடம் கிடையாது. இந்தியத் தரப்பில் 10 பேர் இறந்தார்கள். கரம் சிங்கும் வேறு சிலரும் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

இறந்தவர்களின் உடல்கள் திரும்பி வந்தது நவம்பர் 13ஆம் தேதி. மூன்று வாரத்துக்கும் மேல். அந்த ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே போலீஸ் மரியாதையுடன் எரியூட்டினார்கள். விடுதலையான பிறகு கரம் சிங், காவலில் தங்களை நடத்திய விதம் பற்றிக் கொடுத்த வாக்குமூலம் அந்நாளில் தில்லிக்கும் பீக்கிங்குக்கும் இடையே பறந்த கடிதங்களில் ஒரு முக்கியச் சங்கதி. எல்லைப் பொறுப்பு ராணுவத்துக்கு மாறியது இதற்குப் பிறகுதான். 1960 ஜனவரியில் கூடிய மாநில போலீஸ் தலைவர்களின் மாநாடு, ஆண்டுதோறும் அக்டோபர் 21ஐ நினைவு நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் எல்லா மாநிலத் தலைநகரங்களிலும் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்கிறார்கள், பியூகிள் ஊதுகிறார்கள். சென்னையில் கடற்கரைச் சாலை டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் நடக்கிறது. பல மாநில போலீஸாரைக் கொண்ட ஒரு குழு ஹாட் ஸ்பிரிங்ஸுக்கே ஏறிப் போய் வணங்கிவிட்டு வருவதும் வழக்கம். 2012 முதல் தில்லியில் தேசிய அளவிலான அணிவகுப்பு சாணக்யபுரியில் நடக்கிறது.

அந்த அணிவகுப்பில் ஒரு புத்தகம் வரும். முந்தைய செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் இறந்த போலீஸாரின் பெயர்ப் பட்டியல் அது. 2018இல் 424 பெயர்கள். 2021இல் 377. 2023இல் 188. 2024இல் 216. சுதந்திரத்திலிருந்து மொத்தம் 36,400ஐத் தாண்டிவிட்டதாக 2024இல் உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்னார். எண்ணிக்கை கேட்பவரைச் சில நொடி திகைக்க வைக்கும். பிறகு மறந்துபோகும். பெயர்கள் அப்படி இல்லை. அவற்றில் சிலவற்றையாவது எடுத்துப் பார்த்தால்தான், கல் வைப்பதற்கும் கௌரவிப்பதற்கும் இடையே உள்ள தூரம் தெரிகிறது.

2001 டிசம்பர் 13. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டிருந்த முற்பகல். உள்துறை அமைச்சகத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய, சிவப்பு விளக்கு வைத்த வெள்ளை அம்பாசடர் ஒன்று வளாகத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஐந்து பேர். சந்தேகப்பட்டு முதலில் காரை நெருங்கியவர்களில் ஒருவர் கமலேஷ் குமாரி. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 88ஆவது மகளிர் பட்டாலியனைச் சேர்ந்த கான்ஸ்டபிள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் பக்கத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். கையில் துப்பாக்கி இல்லை, வாக்கி-டாக்கி மட்டும். ஏதோ சரியில்லை என்று பட்டதும் திரும்ப ஓடி, கேட்டை மூடவும் மற்றவர்களை எச்சரிக்கவும் குரல் கொடுத்தார். 11 குண்டுகள் அவர் மேல் பாய்ந்தன. அந்தக் குரல்தான் மற்றக் கதவுகளை மூட வைத்தது. அசோக சக்கரம் பெற்ற முதல் பெண் கான்ஸ்டபிள் அவர்.

அன்று இறந்தவர்களில் தில்லி போலீஸார் ஐந்து பேர். உதவி சப்-இன்ஸ்பெக்டர்கள் நானக் சந்த், ராம்பால். ஹெட் கான்ஸ்டபிள்கள் ஓம் பிரகாஷ், பிஜேந்தர் சிங், கன்ஷ்யாம். ஐவருக்கும் கீர்த்தி சக்கரம். நாடாளுமன்றக் காவல் ஊழியர்கள் ஜே.பி. யாதவ், மத்பர் சிங் நேகி இருவருக்கும் அசோக சக்கரம். பூச்செடிகளுக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவரும் இறந்தார். அவர் சீருடைக்காரர் இல்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 13 அன்று பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் நாடாளுமன்ற வளாகத்தில் படங்களின் முன்னால் மலர் தூவும்போது, ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தவர்கள் சில நிமிடம் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த மட்டில் அது நல்ல சடங்கு.

ஆனால் 2006இல் அந்தக் குடும்பங்கள் சடங்கைக் கலைத்தன. தாக்குதல் வழக்கில் அஃப்சல் குருவுக்கு மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் உறுதி செய்திருந்தது. தூக்குக்குக் குறித்த நாள் 2006 அக்டோபர் 20. கருணை மனு காரணமாக அது தள்ளிப்போயிற்று. கருணை மனு போடுவது சட்டம் தரும் உரிமை. அதன் மீது எந்த முடிவும் எடுக்காமல் வருடக்கணக்கில் கோப்பை வைத்திருப்பது அரசாங்கத்தின் பழக்கம். குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஐந்தாம் ஆண்டு நினைவு நாளான டிசம்பர் 13 அன்று, குடியரசு நாளில் வாங்கிய பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரசாங்கம் கொடுத்த கௌரவத்தை அரசாங்கத்திடமே ஒப்படைக்கும் அளவுக்குக் கசப்பு. 2013 பிப்ரவரி 9ஆம் தேதி திகார் சிறையில் தூக்கு நிறைவேறிய பிறகே பதக்கங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மரண தண்டனை சரியா தவறா என்ற விவாதம் தனி. அந்தத் தூக்கை நிறைவேற்றிய முறை பற்றிய கேள்விகளும் தனி. இறந்தவரைக் கௌரவிப்பது என்பதை அவர் வீட்டார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அரசாங்கம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதற்கு அந்த ஆறு ஆண்டுகள் சாட்சி. அரசாங்கத்துக்கு அது ஒரு விழா. வீட்டுக்கு அது முடியாத வழக்கு.

மோகன் சந்த் சர்மாவின் விஷயத்தில் வழக்கு இன்னும் நீண்டது. உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்துக்காரர். 1989இல் சப்-இன்ஸ்பெக்டராகத் தில்லி போலீஸில் சேர்ந்து, பயங்கரவாத வழக்குகளைக் கவனிக்கும் ஸ்பெஷல் செல்லில் இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். 2008 செப்டம்பர் 13 மாலை தில்லியின் கடைத் தெருக்களில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. ஆறாவது நாள், செப்டம்பர் 19 காலை, ஜாமியா நகர் பாட்லா ஹவுஸில் எல்-18 என்ற கட்டடத்துக்கு அவர் தலைமையில் ஒரு குழு போனது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் செல்போன் கம்பெனி விற்பனையாளர் வேடத்தில் முன்னால் போய் நோட்டம் பார்த்தார். நெரிசலான குடியிருப்பு. எதிரிக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று சர்மா குண்டு துளைக்காத ஜாக்கெட் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவருடைய மகன் டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்திருந்தான்.

நான்காவது மாடியில் கதவு திறந்ததும் துப்பாக்கிச் சண்டை. சர்மாவுக்குக் குண்டு பாய்ந்தது. சக போலீஸார் இருவர் தோள் கொடுக்க, அவர் தள்ளாடி நடந்து வெளியே வரும் படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அன்று மாலை இறந்தார். நான்கு நாள் கழித்து வந்திருக்க வேண்டியது அவருடைய 43ஆவது பிறந்த நாள். மாடியில் இருந்தவர்களில் இரண்டு இளைஞர்களும் அங்கேயே சுடப்பட்டு இறந்தார்கள்.

சிதை ஆறுவதற்குள் சர்ச்சை கிளம்பியது. அது போலி மோதல் என்றார்கள் சிலர். சர்மாவைச் சுட்டதே போலீஸ் தோட்டாதான் என்றும் பேச்சு வந்தது. சந்தேகப்பட்டவர்கள் எல்லோரையும் தேசத் துரோகிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தில்லி போலீஸின் 'மோதல்'கள் சிலவற்றின் பழைய கதை அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. 1997இல் கன்னாட் பிளேஸில் ஆள் மாறாட்டத்தில் இரண்டு வியாபாரிகளைச் சுட்டுக் கொன்றதற்காகத் தில்லி போலீஸ் அதிகாரிகளே ஆயுள் தண்டனை பெற்றிருக்கிறார்கள். அந்தக் கடனை இறந்துபோன ஒருவர் தலையில் வைத்து வசூலித்ததுதான் சர்மா குடும்பத்துக்கு நேர்ந்தது. 2009இல் தேசிய மனித உரிமை ஆணையம் போலீஸ் மேல் தவறு இல்லை என்றது. தனி விசாரணை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தள்ளியது. 2013 ஜூலையில் தில்லி நீதிமன்றம் ஷாஜாத் அகமதுவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தப்பியோடி 2018இல் பிடிபட்ட ஆரிஸ் கானுக்கு 2021 மார்ச்சில் மரண தண்டனை. 2023 அக்டோபர் 12ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம், குற்றத்தை உறுதி செய்து, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஒரு மனிதர் எப்படி இறந்தார் என்று ஊர் ஒத்துக்கொள்ள 15 ஆண்டு.

சர்மாவுக்கு அசோக சக்கரம் கிடைத்தது 2009 குடியரசு நாளில். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலிடம் அவர் மனைவி பெற்றுக்கொண்டார். அன்று ராஜபாதையில் அறிவிக்கப்பட்ட அசோக சக்கரங்கள் 11. அமைதிக் காலத்தின் மிக உயர்ந்த அந்த விருது ராணுவத்தாருக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் அந்த 11 பேரில் ஏழு பேர் போலீஸார். சர்மா தவிர, மும்பைத் தாக்குதலில் இறந்த ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர், வெறும் லத்தியோடு அஜ்மல் கசாபைப் பிடித்துக்கொண்ட துக்காராம் ஓம்ப்ளே. மேகாலயாவிலிருந்து ஆர்.பி. டிங்டோ, ஒடிசாவிலிருந்து பிரமோத் குமார் சத்பதி.

கடைசி இரண்டு பெயர்களையும் படித்தவுடன் அடையாளம் தெரிந்துகொள்கிறவர்கள் எத்தனை பேர்? தொலைக்காட்சி காமிரா இருந்த இடத்தில் இறப்பதற்கும் இல்லாத இடத்தில் இறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெரியவர் ஒருவர் அருகே இறந்தால் அதுவும் நிழலில் போய்விடும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் போலீஸார் ஒன்பது பேர். போலீஸ் சூப்பரின்டென்டென்ட் முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, கான்ஸ்டபிள் சந்திரா... ராஜீவின் தனிப் பாதுகாப்பு அதிகாரி பி.கே. குப்தாவும் அன்று இறந்தார். அந்த வழக்கைப் பற்றித் தமிழ்நாட்டில் முப்பது ஆண்டு பேசினார்கள். சிறையில் இருந்தவர்களின் பெயர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. இறந்த போலீஸாரின் பெயர்களைக் கடகடவென்று சொல்லக்கூடியவர்களைத் தேடத்தான் வேண்டும்.

லண்டனில் இதற்கு வேறு ஒரு வழி கண்டார்கள். 1984 ஏப்ரல் 17 அன்று லிபியத் தூதரகத்துக்கு வெளியே பாதுகாப்புக்கு நின்ற இளம் பெண் போலீஸ் இவான் பிளெச்சர், கட்டடத்துக்குள்ளிருந்து வந்த குண்டில் இறந்தார். திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர் அதைக் கேட்டு வெதும்பி ஓர் அறக்கட்டளை தொடங்கினார். யுத்தத்தில் இறந்த சிப்பாய்களுக்குத் தெருவுக்குத் தெரு கல் இருக்கிறது, போலீஸ்காரருக்கு ஏன் இல்லை என்பது அவர் வாதம். பிளெச்சர் விழுந்த செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்திலேயே 1985இல் சின்னதாக ஒரு கல் வைத்தார்கள். பிறகு பிரிட்டன் முழுக்க, போலீஸார் விழுந்த அந்தந்த இடங்களில் கற்கள். மொத்தப் பெயர்களுக்கான தேசிய நினைவகம் 2005இல்தான் வந்தது. நம் நடுகல் மரபுக்கு நெருக்கமானது இந்த முறைதான். பட்ட இடத்தில் கல். தினமும் அந்த வழியே போகிறவன் பார்ப்பான். சாணக்யபுரி கல்லைப் பார்க்க ஒருவர் சாணக்யபுரிக்குப் போக வேண்டும்.

இனி அந்தச் சொல்.

2020 பிப்ரவரி 24. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஒட்டி வடகிழக்குத் தில்லியில் மூண்ட கலவரம். கோகுல்புரி உதவி கமிஷனர் அலுவலகத்தில் பணியாற்றிய ஹெட் கான்ஸ்டபிள் ரத்தன் லாலுக்கு அன்று காய்ச்சல். ஆனாலும் பணிக்குப் போனார். சாந்த் பாக் அருகே வஜீராபாத் சாலையில் கும்பல் போலீஸாரைச் சூழ்ந்தது. துணை கமிஷனரும் உதவி கமிஷனரும் படுகாயமடைந்தார்கள். ரத்தன் லால் இறந்தார். முதலில் கல்லடி என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் தோட்டாக் காயம் தெரிந்தது.

உடல் ராஜஸ்தான் மாநிலம் சீகர் மாவட்டத்தில் அவருடைய சொந்தக் கிராமமான திஹாவலிக்குப் போயிற்று. அங்கே உறவினரும் ஊராரும் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அவரை 'ஷஹீத்' - தியாகி - என்று அரசாங்கம் அறிவிக்காமல் தகனம் இல்லை என்றார்கள். அறிவிக்கப்படும் என்று உறுதிமொழி வந்த பிறகே சிதைக்குத் தீ வைத்தார்கள்.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைக் கிராமத்தார் அறிந்திருக்க நியாயமில்லை. 2015 டிசம்பரில் மக்களவையில் உள்துறை இணை அமைச்சர் கிரண் ரிஜிஜு எழுத்துமூலம் தந்த பதில்: ராணுவத்தில் இறப்பவர்களைக் குறிக்க 'தியாகி' என்ற சொல் பயன்படுத்தப்படுவதில்லை, மத்திய ஆயுத போலீஸ் படைகளிலும் அப்படி ஒரு சொல் கிடையாது, குடும்பத்துக்கு ஓய்வூதியமும் உதவித் தொகையும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து மத்திய தகவல் ஆணையத்தின் முன்பும் அரசாங்கம் இதையே சொன்னது. கோப்புகளில் இருக்கும் சொற்கள் 'போரில் உயிரிழப்பு', 'நடவடிக்கையில் உயிரிழப்பு' என்பவை. ஆனால் மேடைகளில், அமைச்சர்களின் இரங்கல் செய்திகளில், ஏன் அக்டோபர் 21 உரைகளிலும், தாராளமாகப் புழங்குவது 'ஷஹீத்'தான். வாயால் கொடுப்பதைக் காகிதத்தில் கொடுக்காததுதான் திஹாவலியில் சாலை மறியலாக வெடித்தது.

பணம் ஓரளவுக்கு வருகிறது. தில்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது, தில்லி அரசின் கீழ் இல்லை. இருந்தும் 2013 டிசம்பர் இறுதியில், கள்ளச் சாராயக் கும்பல் அடித்துக் கொன்ற கான்ஸ்டபிள் வினோத் குமாரின் குடும்பத்துக்கு, புதிதாகப் பதவியேற்றிருந்த முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். பிறகு அது திட்டமாகவே ஆயிற்று. தனக்குக் கீழ்ப்படியாத போலீஸுக்குத் தன் கஜானாவிலிருந்து கொடுப்பதில் அரசியல் இல்லாமல் இல்லை. அந்தப் போலீஸோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த அரசு அது. வாங்கிய குடும்பத்துக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டில், 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் குடும்பத்துக்கும், பூமிநாதன் குடும்பத்துக்கும் அரசு கொடுத்தது இதே ஒரு கோடிதான்.

தில்லிக்காக இறந்தவர்களில் தில்லிக்காரர்களைத் தேட வேண்டியிருக்கிறது. கமலேஷ் குமாரி கன்னோஜ். சர்மா அல்மோரா. ரத்தன் லால் சீகர். கத்திக் குத்து வாங்கிக்கொண்டும் பிடியை விடாத சம்பு தயாளும் அதே சீகர் மாவட்டம்தான். ரத்தன் லாலின் உடல் போன மூன்று ஆண்டுக்குள் அவர் உடலும் தில்லியிலிருந்து அந்த மாவட்டத்துக்குப் போயிற்று. போலீஸ் மரியாதையுடன் தகனம் நடந்தது. ஒரு கோடி ரூபாய்க் காசோலையோடு முதல்வர் அவர் வீட்டுக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபர் 21 காலை சாணக்யபுரி அணிவகுப்பில் கொண்டுவரப்பட்ட புத்தகத்தில், அவர் இறந்த அந்த ஓராண்டுக் கணக்குக்கு, 188 பெயர்கள் இருந்தன.